கேள்வி கேட்பவர்களுக்கான மைக்

பேச்சுச் சுதந்திரத்தை இதுநாள்வரை காப்பாற்றி வந்திருப்பது நீதிமன்றம் அல்ல, பத்திரிகை அல்ல, பேராசிரியர்கள் நிச்சயமாக அல்ல. மைக் செட்டுக்காரர்கள்தான். அதிலும் எங்கள் நகரத்தைப் பொறுத்தவரை ஒரே ஒரு மைக் செட்டுக்காரர்.

இது என் அக்காவின் கணவர், அதாவது என் மாமா, ஆராய்ந்து கண்ட முடிவு. அந்த ஒரே மைக் செட்டுக்காரரும் அவரே என்பதால் ஆராய்ச்சிக்காக வெளியே எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை.

"எல்லாரும் பேசலாம்னு சட்டத்துல எழுதி வெச்சுட்டுப் போயிட்டான் மாப்ளே," என்பார், வயர் முனையில் ஈயத்தை உருக்கியபடி. "எழுதினவன் ஒண்ணை மறந்துட்டான். பேசினா மட்டும் போதுமா? கேக்க வேண்டாமா? கடைசி வரிசையில உக்காந்து கொட்டாவி விடறவன் காது வரைக்கும் கொண்டுபோய்ச் சேக்கறது யாரு? சட்டமா சேக்குது? நான் சேக்கறேன்."

இதை மறுத்துப் பேச முடியாது. பேசினால் மின்விசிறியை நிறுத்திவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

கீழே கடை, மேலே வீடு. கடை என்றால் ஆள் உயர ஒலிபெருக்கிப் பெட்டிகள், சுவர் ஆணிகளில் சுருள் சுருளாக வயர்கள், ஒரு மேசை, ஒரே ஒரு நாற்காலி. விருந்தாளி வந்தால் பெட்டி மேல்தான் உட்கார வேண்டும். படிப்புக்காக நான் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். கல்லூரியில் சுவர்ப் பத்திரிகை நடத்தினேன். அதில் கல்லூரி முதல்வரைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதினேன். மறுநாள் பத்திரிகையைக் கிழிக்காமல் சுவருக்கே வெள்ளையடித்துவிட்டார்கள். நான் வாயை மூடிக்கொண்டு பரீட்சைக்குப் படித்தேன். மாமாவுக்கு அது ஆறவே இல்லை.

"சுண்ணாம்புக்குப் பயந்தவன்டா நீ," என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார்.

நகரத்தில் இன்னொரு மைக் செட்டுக்காரரும் இருந்தார். மாமாவின் கணக்கில் அவர் மைக் செட்டுக்காரரே இல்லை; துரோகி. ஊரெல்லாம் அவரைக் 'கொரகொர' என்றுதான் சொல்லும். சரியான நேரம் பார்த்து அவருடைய மைக்கில் பேசுகிறவர் தொண்டை மட்டும் கொரகொரவென்று கட்டிக்கொள்ளும் என்பதால் வந்த பெயர். ஆளும் தரப்பு எதுவோ அந்தத் தரப்பின் கூட்டங்கள் எல்லாம் அவருக்குத்தான். பெரிய மனிதர்களை யாராவது ஏடாகூடமாகக் கேட்க ஆரம்பித்தால், எங்கிருந்தோ ஒரு சைகை வரும். கொரகொரவின் கை ஒலியைக் குறைக்கும் குமிழுக்குப் போகும்.

அந்த வித்தையை மாமா வீட்டில் நடித்துக் காட்டுவார். சாப்பிட்டு முடித்ததும் கரண்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டு அவர் எழுந்து நிற்க வேண்டும். ஆறு வயதுப் பாப்பா அப்பாவின் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருக வேண்டும். திருகத் திருக மாமாவின் குரல் இறங்கும்.

"படக்குனு நிறுத்தினா மைக் ரிப்பேர்னு ஜனங்களுக்குத் தெரிஞ்சுபோயிடும். அந்தப் படுபாவி அப்படிச் செய்யமாட்டான். எறும்பு ஊர்ற மாதிரி இறக்குவான். பேசறவன் தன் தொண்டைதான் போச்சுன்னு நினைப்பான். செருமுவான். தண்ணி குடிப்பான். கத்துவான். கத்தினா குரல் உடையும், உடைஞ்சா ஜனங்க சிரிக்கும், பொத்துனு உக்காந்துடுவான். கூட்டம் முடிஞ்சதும் நாலு பேர் வந்து அவன்கிட்டயே வெந்நீர் குடிங்கன்னு வைத்தியம் சொல்லுவாங்க. கொரகொரவை ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்லமாட்டான்!"

செருமல், தண்ணீர், கத்தல், உடைந்த குரல் என எல்லாவற்றையும் செய்து காட்டிவிட்டு மாமா பொத்தென்று உட்காருவார். பாப்பா கைதட்டுவாள். கைதட்டி முடிப்பதற்குள் அவளுக்கு இருமல் வந்துவிடும்.

இருமலுக்குக் காரணம் அவள் பள்ளிக்கூடம்.

நன்றாக இருந்த பள்ளிக்கூடம்தான். ஒரு மழைக்குக் கூரையின் ஒரு மூலை ஒழுகியது. பழுது பார்க்க வேண்டும் என்று பிள்ளைகளைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் சிமெண்ட் கிடங்கின் பாதிக்கு மாற்றினார்கள். மறுபாதியில் சிமெண்ட் மூட்டைகள் தொடர்ந்து குடியிருந்தன. லாரி வந்து மூட்டை இறங்கும்போதெல்லாம் டீச்சர் பாடத்தை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளை மூக்கைப் பொத்திக்கொள்ளச் சொல்வார். பாப்பா வகுப்பில் முதலில் கற்றுக்கொண்டது எழுத்தல்ல, மூக்கைப் பொத்துவது.

பள்ளிக்கூடக் கூரை சரியாகிவிட்டது. வர்ணமும் அடித்தார்கள். அடித்த வர்ணம் காய்ந்ததும் அதில் எங்கள் தொகுதி உறுப்பினர் தன்னுடைய மக்கள் சேவை அலுவலகத்தைத் திறந்தார். தற்காலிகமாக. பிள்ளைகள் கிடங்கில் இருந்ததும் தற்காலிகமாகத்தான். இரண்டு தற்காலிகங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு மாதக்கணக்கில் நிரந்தரமாக நின்றன. அலுவலகத்தில் மனு கொடுக்க வந்தவர்கள் முழங்கால் உயரத்தில் இருக்கும் குழாய்களில் குனிந்து கை கழுவினார்கள். வாட்டசாட்டமான கட்சிக்காரர்கள் அங்கிருந்த கழிவறையை எப்படிச் சமாளித்தார்கள் என்பது பற்றி நகரத்தில் பல கதைகள் உலவின. எதையும் இங்கே எழுத முடியாது.

உறுப்பினர் வருடத்துக்கு ஒருமுறை 'மனம் திறந்து கேளுங்கள்' என்று ஒரு பொதுக்கூட்டம் நடத்துவார். யார் வேண்டுமானாலும் வரலாம், எதை வேண்டுமானாலும் கேட்கலாம். மைக் செட்டு கொரகொர. போன தடவை அந்தக் கூட்டத்தில்தான் அது நடந்தது.

உறுப்பினருக்கு ஓர் உதவியாளர் உண்டு. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் குரலை இறக்கு என்று அர்த்தம்; மாட்டிக்கொண்டால் ஏற்று. இதுதான் அவருக்கும் கொரகொரவுக்கும் ஏற்பாடு. உறுப்பினர் எழுந்து, "இந்த நகரத்துக்காக நான் செய்யவிருக்கும் மிக முக்கியமான காரியம் என்னவென்றால்" என்று ஆரம்பித்தார். மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை யாரும் துடைத்ததே இல்லை. அதிலிருந்து ஒரு தூசி விழுந்து நேராக உதவியாளரின் கண்ணுக்குள் போனது. அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

கொரகொர கடமை தவறாதவர். யார் பேசுகிறார் என்று பார்ப்பது அவர் வேலையில்லை. எறும்பு ஊர ஆரம்பித்தது.

உறுப்பினர் செருமினார். தண்ணீர் குடித்தார். கத்தினார். குரல் உடைந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். முன்வரிசையில் ஒருவர் வெந்நீர் குடிக்கச் சொன்னார். கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த உதவியாளருக்கு இது எதுவும் தெரியவில்லை. அந்த மிக முக்கியமான காரியம் என்ன என்று நகரத்துக்கு இன்றுவரை தெரியாது.

கொரகொரவின் சகாப்தம் அத்தோடு முடிந்தது. மாமா அன்று பெரிதாகச் சந்தோஷப்பட்டார் என்று சொன்னால் குறைத்துச் சொல்வதாகும். அந்தக் காட்சியை நடிக்க அவருக்கு மூன்று கரண்டிகள் தேவைப்பட்டன.

இந்த வருடக் கூட்டத்துக்கு முன்பு ஒரு சாயங்காலம் அதே உதவியாளர் எங்கள் கடைக்கு வந்தார். நாற்காலியை மாமா நகர்த்திப் போட்டும் உட்காராமல், எளிமையாகப் பெட்டி மேல் உட்கார்ந்தார்.

"அண்ணே, உங்களைப் பத்தி நிறையக் கேள்விப்பட்டேன். யாருக்கும் மைக்கைக் குறைக்காத ஆளாமே."

மாமா நிமிர்ந்தார். "எங்கிட்ட அந்த வேலை நடக்காதுங்க. இப்பவே சொல்லிடறேன். பேச்சுச் சுதந்திரம்னா..."

"அதுக்குத்தாண்ணே வந்தேன். எங்களுக்கு சைகை கிய்கை எதுவும் வேண்டாம். போன தடவை பட்டது போதும். நான் கண்ணாடியைக் கழட்டினாலும் சரி, சட்டையைக் கழட்டினாலும் சரி, நீங்க கண்டுக்கவே கூடாது."

நாலு வருடமாகத் தயாரித்து வைத்திருந்த மறுப்புரைக்கு வேலையே இல்லாமல் போனதில் மாமா கொஞ்சம் தடுமாறிவிட்டார். எதற்கும் தலையை ஆட்டினார்.

"இனிமே மைக் பர்மிஷனுக்காக நீங்க போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சுல போய்க் காத்துக்கெடக்க வேண்டாம். சொல்லிட்டேன். ஆளு கடைக்கே வந்து கொடுத்துட்டுப் போவான். எல்லாக் கூட்டமும் இனி நீங்கதான்." உதவியாளர் எழுந்து மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எப்படி நடத்தணும்னு உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்களுக்கே தெரியும்."

அப்போதுதான் பாப்பா பையோடு உள்ளே வந்தாள். இருமினாள்.

"அடடே, குட்டி! எந்த ஸ்கூல் படிக்கறீங்க?"

பாப்பா மாமாவைப் பார்த்தாள். மாமா ஒலிபெருக்கிப் பெட்டியைப் பார்த்தார். "இங்கதாங்க... பக்கத்துல," என்றார்.

"சிமெண்ட் கிடங்கு ஸ்கூல்," என்று மாடிப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

உதவியாளர் மேலே பார்த்துச் சிரித்தார். "நல்ல ஸ்கூல்," என்றார். "வீட்டம்மாவும் கூட்டத்துக்கு வரணும்ணே. கட்டாயம்."

அவர் போனதும் மாமா என்னைப் பிடித்துக்கொண்டார். "பாத்தியா மாப்ளே? நேர்மைக்கு ஒரு நாள் மரியாதை கெடைக்கும்னு சொன்னேனா இல்லையா?" சிறிது நேரம் சந்தோஷமாக வயர் சுற்றினார். பிறகு சுற்றுவதை நிறுத்தினார். "ஆமா, உங்களுக்கே தெரியும்னானே... என்ன தெரியும்?"

"மைக் செட்டு நடத்தத் தெரியும்னு சொல்றார்."

"அது இல்ல. அதைச் சொல்லும்போது கையை ஒரு மாதிரி அழுத்தினான்."

அடுத்து வந்த நாட்களில் அந்த 'உங்களுக்கே தெரியும்' எங்கள் வீட்டில் ஐந்தாவது ஆளாகக் குடியேறிவிட்டது. பல் தேய்க்கும்போது மாமா அதற்கு ஒரு விளக்கம் சொல்வார், குளித்துவிட்டு வந்து அதை மறுப்பார். பேராசிரியர்கள் பழைய பாட்டு ஒன்றுக்கு இத்தனை உரை எழுதி நான் பார்த்ததில்லை. "வீட்டம்மாவும் வரணும்னானே, அது எதுக்கு?" என்று சாப்பிடும்போது கேட்பார். "கட்டாயம்னு வேற சொன்னான்!" என்று கை கழுவும்போது அவரே தொடர்வார். கரண்டி நாடகம் நின்றுவிட்டது. பாப்பா பொத்தானைத் தொட வந்தால், "சும்மா இரு பாப்பா, பொத்தான் பிஞ்சுடும்," என்றார்.

அக்கா இதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. அவள் ஒரு தையல்கூடத்தில் துணி வெட்டுகிறவள். கத்தரியை வைத்தால் மறுமுனைவரை நிறுத்தமாட்டாள். கூட்டத்தில் கேட்பதற்கு அவள் வைத்திருந்த கேள்வியும் அப்படித்தான் இருந்தது: பள்ளிக்கூடக் கட்டடத்தின் பழுது வேலை முடிந்துவிட்டது, நீங்கள் ஏன் இன்னும் அதில் அலுவலகம் வைத்திருக்கிறீர்கள்? எந்தத் தேதியில் காலி செய்கிறீர்கள்?

கிடங்கில் படிக்கும் மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லாரும் சேர்ந்து அவளைத்தான் கேட்கச் சொல்லியிருந்தார்கள். மற்றவர்களின் கணவர்களுக்கு நகராட்சியிலும் கடைத்தெருவிலும் பிழைப்பு. "உங்க வீட்டுக்காரர்தானே மைக்கு. உங்க குரலை யாரு குறைக்கப்போறா?" என்றார்கள். அக்காவும் அதை நம்பினாள். இதுதான் என்னால் தாங்க முடியாதது.

கூட்டத்துக்கு முந்தின நாள் மாமா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"கேளு. தாராளமா கேளு. உன் உரிமை. நான் குறுக்க நிக்கமாட்டேன். ஆனா கேக்கறதுல ஒரு முறை இருக்கில்ல?"

"என்ன முறை?"

"முதல்ல ஒரு வணக்கம்."

"சொல்லுவேன்."

"கூரையைச் சரி பண்ணிக் கொடுத்ததுக்கு ஒரு நன்றி."

"யாருக்குச் சரி பண்ணிக் கொடுத்தாங்க? அவங்க தலைக்கு மேல இருக்கற கூரையை அவங்க சரி பண்ணிக்கிட்டாங்க."

"நன்றி சொன்னா வாய் தேஞ்சா போயிடும்? அப்பறம் இந்த 'ஏன்' வேண்டாம். ஏன்னு கேட்டா சண்டைக்கு வர்ற மாதிரி இருக்கு. 'காலி'யும் வேண்டாம். வாடகைக்காரனைச் சொல்ற மாதிரி."

"வாடகை கொடுத்தா வாடகைக்காரன்னு சொல்லலாம்," என்றேன்.

"நீ வாயை மூடு, சுண்ணாம்பு." அக்கா பக்கம் திரும்பினார். "'அலுவலகம்'கறதை எடுத்துடு. 'சேவை'ன்னு வெச்சுக்கோ. 'தேதி' ரொம்ப நெருக்கற மாதிரி இருக்கு. 'வருங்காலத்தில்'னு போடு."

அக்கா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். "ஆக, வணக்கம், கூரைக்கு நன்றி, உங்கள் சேவை வருங்காலத்திலும் எங்கள் பள்ளிக்கூடத்தில் தொடரட்டும். அதானே? இதை நான் எதுக்குங்க கேக்கணும்? மாலையை வாங்கிக்கிட்டுப் போய் அந்த ஆளு கழுத்துல போட்டுட்டு வந்துடலாமே."

"நான் உன் நல்லதுக்குச் சொல்றேன்."

"உங்களுக்குப் பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுங்க."

"பயமா? எனக்கா?" மாமா எழுந்தே விட்டார். "இந்த ஊர்ல எவனுக்கும் மைக்கைக் குறைக்காத ஒரே ஆளு நான்! நாளைக்கு நீ என்ன வேணா கேளு. கடைசி வரிசைக்கு மட்டும் இல்ல, தெருமுனை வரைக்கும் கேக்க வெக்கறேன். போதுமா?"

"போதும்," என்று அக்கா தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். அவள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது. அவர் மேல் அவளுக்குப் பெருமைதான். அதை நான் பார்த்தேன்.

கூட்டம் சமுதாயக்கூடத்தில். மேடையில் உறுப்பினருக்கு ஒரு மைக். நடுவழியில் ஸ்டாண்டில் நிறுத்தி ஒன்று, அது கேள்வி கேட்பவர்களுக்கு. மாமாவின் மேசை பக்கவாட்டுச் சுவரோரம். அதன் அருகில்தான் ஒழுங்காக ஓடும் மின்விசிறி இருந்ததால் நான் அந்த ஓரத்தில் உட்கார்ந்தேன். உதவியாளர் முதல் வரிசையில், எங்களுக்கு முகம் தெரியும்படி.

முதலில் எழுந்தவர், இவ்வளவு வேலைக்கு நடுவிலும் உறுப்பினர் தன் உடம்பை எப்படிக் கவனித்துக்கொள்கிறார் என்று கேட்டார். அதிகாலை நடைப்பயிற்சி பற்றி விரிவான பதில் வந்தது. இரண்டாமவர், இந்த நகரத்தில் குறையே இல்லாததுதான் தன்னுடைய ஒரே குறை என்றார். அதை எப்படித் தீர்ப்பது என்று உறுப்பினர் உண்மையிலேயே கொஞ்ச நேரம் யோசித்தார். இருவர் குரலும் கணீரென்று கேட்டன. அவ்வளவு அருமையான மைக்.

மூன்றாவதாகக் கடிகாரம் பழுது பார்ப்பவர் ஒருவர் எழுந்து, தன் கடை வாசலில் தோண்டிப் போட்ட சாக்கடைப் பள்ளத்தைப் பற்றிக் கேட்டார். அதுவும் கணீரென்று கேட்டது. உறுப்பினரின் புருவம் சுருங்கியது. மாமா சட்டென்று உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் கண்ணாடியைக் கழற்றவில்லை. கையில் இருந்த போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு மாப்ளே சிரிக்கறான்?" மாமா என் பக்கம் குனிந்து கேட்டார்.

"போன்ல ஏதோ ஜோக்கு வந்திருக்கும் மாமா."

"இல்ல. இது வேற சிரிப்பு."

அக்கா எழுந்து நடுவழிக்கு வந்தாள். மைக் ஸ்டாண்டைத் தன் உயரத்துக்கு இறக்கினாள். அவளுக்குப் பின்னால் அம்மாக்கள் ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். பாப்பா அவர்களில் ஒருவர் மடியில்.

"வணக்கம். நான் சிமெண்ட் கிடங்குல படிக்கற ஒரு பொண்ணோட அம்மா."

குரல் கூடத்தின் நான்கு மூலைக்கும் போனது. பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். உறுப்பினர் நாற்காலியில் சற்று முன்னே நகர்ந்தார்.

"எங்க ஸ்கூல் கட்டடத்தை ரிப்பேர்னு சொல்லித்தான் எடுத்தீங்க. ரிப்பேர் முடிஞ்சு..."

'முடிஞ்சு' கொஞ்சம் தூரத்திலிருந்து கேட்டது. அதற்கடுத்த சொல் இன்னும் தூரத்திலிருந்து. நான் முதலில் மின்விசிறிதான் சத்தம் போடுகிறது என்று நினைத்தேன். பிறகு மேசையைப் பார்த்தேன். மாமாவின் கை குமிழின் மேல் இருந்தது. கண் உதவியாளரின் மேல் இருந்தது.

அக்கா செருமவில்லை. தண்ணீர் கேட்கவில்லை. வாரத்தில் பாதி நாள் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த நாடகத்தைப் பார்த்தவள் அவள். பேச்சை நிறுத்திவிட்டு நேராக மாமாவைப் பார்த்தாள்.

"தெருவிளக்கைப் பத்திக் கேக்கறீங்க," என்றார் உறுப்பினர், மைக்கில், மிகுந்த அன்போடு. "ரொம்ப நல்ல கேள்வி. அவசியமான கேள்வி. சீக்கிரமே எல்லாத் தெருவுக்கும் புது விளக்கு."

கைதட்டல்.

"நான் தெருவிளக்கைப் பத்திக் கேக்கலைங்க," என்று அக்கா வெறும் குரலில் சொன்னாள். நாலு வரிசைக்குக் கேட்டது.

"அம்மாவுக்கு மைக் சரியில்லை போலிருக்கு. மைக் செட்டு யாருப்பா? கொஞ்சம் கவனிங்க. பாவம், பேச வந்திருக்காங்க."

மாமா எழுந்து ஓடினார். நானும் பின்னால் போனேன். எதற்கென்று எனக்கே தெரியாது. அவர் மைக்கைத் தட்டினார், "ஹலோ, ஹலோ, செக்," என்றார், வயரை இழுத்துப் பார்த்தார். பிறகு, கல்யாணமான நாளிலிருந்து பெயர் சொல்லியோ ஏய் என்றோ மட்டுமே கூப்பிட்ட தன் மனைவியிடம், "பேசுங்கம்மா," என்றார்.

"என்னங்க இது?" அக்கா உதடு அசையாமல் கேட்டாள்.

"பேட்டரி வீக்கு."

"இது வயர் மைக்குங்க."

மாமா அந்த வயரைப் பார்த்தார். அது அவர் காலடியிலிருந்து அவருடைய மேசைவரை நீளமாக, கறுப்பாக, எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லாமல் கிடந்தது.

"இப்போ கேக்கும்," என்றார் மெதுவாக. "சத்தியமா. நீ பேசு."

மேசைக்குத் திரும்பியதும் அவர் குமிழை ஏற்றினார். நிஜமாகவே ஏற்றினார்; நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். அக்கா ஒரு மூச்சு இழுத்த சத்தம்கூட பெட்டிகளில் கேட்டது.

"நான் கேட்டது தெருவிளக்கு இல்லைங்க. எங்க பிள்ளைங்களோட ஸ்கூல். அது எப்போ எங்களுக்குத் திரும்பக் கிடைக்கும்?"

பின்னால் யாரோ, "கேளும்மா, நல்லாக் கேளு," என்றார்கள். பாப்பா இருமினாள்; அதுவும் எல்லாருக்கும் கேட்டது. உறுப்பினர் பதில் சொல்ல வாயைத் திறந்து, திறந்தபடியே வைத்திருந்தார். இன்னும் ஒரு வாக்கியம் போதும். அந்தத் தேதியை அவர் எல்லார் முன்னாலும் சொல்லியே ஆக வேண்டியிருந்திருக்கும்.

மாமா உதவியாளரைப் பார்த்தார். அவர் போனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. கண்ணாடி மூக்கின் மேலேயே இருந்தது. ஒரு விரல் அசையவில்லை.

"மாமா," என்றேன், "அவர் ஒண்ணுமே சொல்லலையே."

"அதான் மாப்ளே," என்றார். "ஒண்ணுமே சொல்லமாட்டேங்கறானே."

"அப்ப விடுங்க. அக்கா பேசட்டும்."

"நாளைக்கு பர்மிஷன் கொடுக்க ஆளு கடைக்கு வரணும். அவன் வரலைன்னா?" என்றார். "உனக்குத் தெரியாதுடா."

"இன்னைக்கே தேதி சொல்லுங்க. நாங்க குறிச்சுக்கறோம். ஸ்கூலுக்குள்ள நீங்க ஆபீஸ்..." என்று அக்கா ஆரம்பித்தாள்.

மாமா குமிழைப் பார்க்கவில்லை. யாருக்கும் தெரியாதபடி, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, மேசையில் கையைச் சும்மா வைத்திருப்பவர் போலத் திருப்பினார். அவசரமே இல்லை. அவ்வளவு நிதானமாகக் கொரகொரகூடச் செய்திருக்கமாட்டார். 'ஆபீஸ்' முன்வரிசைவரை வந்தது. அதற்குப் பிறகு அவள் சொன்னது எதுவும் அவளைச் சுற்றியிருந்த நாலு வரிசையைத் தாண்டவில்லை. அக்கா நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தாள். வாய் அசைவது தெரிந்தது, நிமிர்ந்து நின்றிருந்தாள், இந்த முறை எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

"ரொம்ப நல்ல யோசனை. கட்டாயம் பரிசீலிக்கறோம்," என்றார் உறுப்பினர். முதல் வரிசை கைதட்ட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தில் அவர் குரல் அமுங்கிவிடாமல் இருக்க, மாமா பக்கத்துக் குமிழைக் கொஞ்சம் ஏற்றி வைத்தார்.